பெரிய தொர நிக்கிற கல்லு

"தம்பி, கடல் அந்தப் பக்கம்."

கொழும்பு காலி முகத்திடல்ல விடிய அஞ்சே முக்காலுக்கு வாக்கிங் வந்த ஒரு ஐயா என்கிட்ட சொன்னது இது. அவர் மேல பிழை சொல்ல ஏலாது. ஒம்பது அடி நீள றொட் ஒண்ண கையில வச்சுக்கிட்டு, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, காஞ்சு போன புல்லுக்கு மேல பச்சைக் கலர் நூல முன்னாலயும் பின்னாலயும் வீசிக்கிட்டிருக்கிறவனப் பார்த்தா வேற என்னத்தச் சொல்றது. நூல் நுனியில தூண்டில் முள்ளு கூட இல்ல, அம்மாவோட பழைய ஸ்வெட்டர்ல இருந்து உருவுன சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு தான் கட்டியிருந்துச்சு. ப்ராக்டிஸ் பண்றேன் ஐயான்னேன். எதுக்குன்னாரு. ட்ரவுட் புடிக்கன்னேன். அது எங்க இருக்குன்னாரு. மலையிலன்னேன். மேலயும் கீழயும் ஒருக்கா பார்த்துட்டு அவர் நடந்து போயிட்டாரு. இஸ்ஸோ வடை வண்டி கூட இன்னும் வரல, எனக்கும் கடல் காத்துக்கும் மட்டும் தான் அங்க சண்டை.

இந்தப் பைத்தியம் எங்க இருந்து வந்துச்சுன்னு கூட்டாளிமார் கேட்டா யூடியூப்ல இருந்துன்னு சொல்லிருவேன், அது தான் ஈஸி. உண்மையில இது தாத்தாகிட்ட இருந்து வந்தது, ஆனா தாத்தா வாழ்க்கையில ஒரு நாளும் தூண்டில் புடிச்சவர் இல்ல, ஒரு ட்ரவுட் மீன வாயில வச்சவரும் இல்ல. அதால தான் சொல்ல கஷ்டமா இருக்கு.

தாத்தா அக்கரப்பத்தனை பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு. பதினாலு வயசுல தோட்ட வேலைக்குப் பேர் பதிஞ்சாரு, அது 1950கள். பேர் பதிஞ்ச கொஞ்ச நாள்லயே மலைக்கு அனுப்பாம பங்களா வேலைக்கு எடுத்துட்டாங்க, ஏன்னா தோட்டத்த நடத்துற தொரைக்கு மீன் புடிக்கப் போறப்ப கூட வர ஒரு பையன் தேவைப்பட்டுச்சு. கூடை, வலை, சாப்பாட்டுப் பெட்டி, மழைக் கோட்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு டயகம பக்கமிருந்து மேல ஏறுற பாதையில ஹோட்டன் சமவெளிக்கு நடக்கணும். தொர குதிரையில போவாரா கார்ல போவாரான்னு சின்ன வயசுல நான் கேட்டதுக்கு, "அவரு எதுல போனா என்ன சாமி, நான் கால்ல தான போனேன்"ன்னாரு.

எங்க வீட்டுல ட்ரவுட்டுக்குப் பேரே தொரை மீன். ரொம்ப நாளா அது தான் நிஜப் பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், கொட்டாஞ்சேனையில மீன் வாங்கப் போன இடத்துல தொரை மீன் இருக்கான்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்ட கதையும் உண்டு. தாத்தா கடைசி அஞ்சாறு வருஷம் எங்களோட கொட்டாஞ்சேனையில தான் இருந்தாரு. கொழும்பு வெக்கையிலயும் காதுல மஃப்ளர். பின்னேரம் வாசல்ல உக்காந்து பிளேன்டீ குடிச்சுக்கிட்டே அந்த ஓடைகளப் பத்திக் கதைப்பாரு, மழை பெஞ்சு ரோட்டோரக் கான்ல தண்ணி ஓடினா அதுல விரல நீட்டி, "இந்தா, இங்க நிக்கும், இந்தா, இங்க நிக்காது"ம்பாரு. கொட்டாஞ்சேனைக் கான்ல மீன் எங்க நிக்கப் போகுது. ஆனா அது தான் என்னோட முதல் பாடம், அது பாடம்னு எனக்கு வெளங்க இருபது வருஷம் ஆச்சு.

அவரோட பாடத்துல முக்கியமானது கல்லு. ஓடைக்கு நடுவுல ஒரு பெரிய கல்லு இருந்தா எல்லாரும் மீன் கல்லுக்குப் பின்னால தான் ஒதுங்கி நிக்கும்னு நெனப்பாங்க. தாத்தா சொல்றது வேற: பின்னாலயும் நிக்கும், ஆனா கல்லுக்கு முன்னால தண்ணி வந்து முட்டி பிரியுற எடத்துல ஒரு சின்ன மெத்தை மாதிரி இருக்கும், இழுப்பு இல்லாத எடம், அங்க நிக்கிறது தான் பெரிய தொர. வர்ற இரைய முதல்ல பார்க்குறது அவரு. கல்லுக்குப் பின்னால நிக்கிறது சின்ன தொர. கரையோரமா வேருக்கு அடியில நிக்கிறது கண்டாக்கு, அதாவது தோட்டத்துல வேலைய மேற்பார்வை பாக்குற உத்தியோகத்தர், அவரு யார் கண்ணுலயும் படாம எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருப்பாரு. நடுவுல அங்கயும் இங்கயும் ஓடி மத்தவன வெரட்டிக்கிட்டு இருக்கிறது கங்காணி. குளம் முடிஞ்சு தண்ணி மெல்லிசாகுற வால் பக்கத்துல கூட்டமா நிக்கிற குஞ்சுக லயத்துப் புள்ளைங்க (லயம்னா தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு), மிச்சம் மீதி வர்றது அவங்களுக்கு. பெரிய தொரைய புடிச்சிட்டா என்னாகும் தாத்தான்னு கேட்டா, "ரெண்டு நாள்ல சின்ன தொர அந்த எடத்துக்கு வந்துருவாரு. எடம் காலியா இருக்காது சாமி. தோட்டத்துல எப்பவாச்சும் தொர பங்களா காலியா இருந்து பார்த்திருக்கியா?"ன்னு சிரிப்பாரு.

பல வருஷம் கழிச்சு ட்ரவுட் பத்தி வாசிக்கத் தொடங்குனப்ப இதே விசயம் விஞ்ஞானிங்க பாஷையில வந்துச்சு. ஓடையில வாழுற ட்ரவுட்டுக்குள்ள ஒரு அதிகார வரிசை இருக்கு, குறைஞ்ச சக்தி செலவழிச்சு கூட இரை கெடைக்கிற எடத்த பெருசு புடிச்சு வச்சுக்கும், அத எடுத்துட்டா அடுத்தது வந்து நிக்கும். இத வாசிச்சப்ப எனக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் எரிச்சல். தாத்தா காட்டுன கல்லுல நூல் வீசி தான் தொர மீன் புடிச்சாரு, ராத்திரி பங்களாவுல வந்த விருந்தாளிங்ககிட்ட புடிச்ச கதைய சொன்னவரும் தொர தான். கல்லக் காட்டுன பையன் அந்நேரம் குசினிக்குப் பின்னால நின்னு மீன் கழுவிக்கிட்டு இருந்தாரு. பங்களா சமையல்காரர் அப்பு அத பட்டர்ல பொரிப்பாராம். வாசம் லயம் வரைக்கும் வரும்பாரு தாத்தா, அது கொஞ்சம் ஓவர் தான்.

சரி இந்த மீன் இங்க எப்படி வந்துச்சு. இலங்கை மீன் இல்ல இது. ரெயின்போ ட்ரவுட்டோட சொந்த ஊர் வட அமெரிக்காவோட மேற்குக் கரை, அந்தப் பக்கம் ரஷ்யாவோட கம்சட்கா. ப்ரவுன் ட்ரவுட் ஐரோப்பாக்காரன். வெள்ளைக்காரன் போன எடமெல்லாம் இந்த மீன கொண்டு போனான், மீனா இல்ல, முட்டையா. முட்டைய பாசியில பொதிச்சு ஐஸ் வச்சு கப்பல்ல ஏத்துறது. 1864ல நார்ஃபோக்ன்னு ஒரு கப்பல்ல இங்கிலாந்துல இருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் மூணு மாசம் போல கடல்ல போன முட்டை உசிரோட போய்ச் சேந்து டாஸ்மேனியாவுல பொரிச்சது தான் பெரிய ஆரம்பம். சிலோனுக்கு 1880கள்ல வந்துச்சு, நுவரெலியா பக்கம். தேயிலைத் தொரைமாருக்கு வீட்டு ஞாபகம், அதுக்கு ஒரு பொரிப்பகம், ஒரு ஃபிஷிங் கிளப், எல்லாம் வந்துச்சு. முதல்ல வந்த ப்ரவுன் ட்ரவுட் வளந்துச்சு, ஆனா தானா இனம் பெருக்கல, திரும்பத் திரும்ப குஞ்சு விட வேண்டியிருந்துச்சு. பொறகு வந்த ரெயின்போ தான் ஹோட்டன் சமவெளி ஓடைகள்ல தன்பாட்டுக்கு குடும்பம் நடத்தத் தொடங்குச்சு, இன்னைக்கும் அங்க இருக்கு. தமிழ்நாட்டு ஆட்களுக்கு ஒரு தகவல்: நீலகிரியில ஃப்ரான்சிஸ் டே (Francis Day) அப்படிங்கிறவர் 1863ல முயற்சி பண்ணித் தோத்துப் போனாரு, 1900களோட தொடக்கத்துல தான் அங்க ரெயின்போ நிலைச்சுது, அதுக்குப் போன முட்டையில சிலோன் முட்டையும் உண்டு. இங்க இருந்து அங்க போன சில பேர்ல அதுவும் ஒண்ணு.

அதே கப்பல் காலத்துல தான தமிழ்நாட்டுல இருந்து தோட்ட வேலைக்கு எங்க ஆட்களும் வந்தாங்க. கப்பல்ல கொண்டு வந்து மலையில எறக்கி விட்ட ரெண்டு கூட்டத்துல ஒண்ணுக்கு பொரிப்பகமும் கிளப்பும், இன்னொண்ணுக்கு பத்துக்குப் பன்னெண்டு அடி லயக் காம்பரா. 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து எங்க ஆட்கள நீ யாருன்னு கேட்டப்ப ட்ரவுட்டை யாரும் கேக்கல. இத ஒரு நாள் தாத்தாகிட்ட பெரிய ஆள் மாதிரி சொன்னேன். "மீனுக்கு எதுக்கு சாமி பாஸ்போட்"டுன்னுட்டு டீயக் குடிச்சாரு. அவருக்கு இந்த மாதிரி ஒப்பீடெல்லாம் பிடிக்காது.

ஏன் மலையில மட்டும் இந்த மீன் வாழுதுங்கறதுக்கு ஒரே பதில் குளிர், அதுக்குள்ள ஆக்சிஜன். தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்துல 10 டிகிரி தண்ணியில ஒரு லீட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல கரையும், 28 டிகிரியில 8க்கும் கீழ தான். 28 டிகிரின்னா கிட்டத்தட்ட நம்ம கொழும்புக்குள்ள இருக்கிற பேர வாவி. அங்க திலாப்பியா சமாளிச்சு வாழும், ட்ரவுட்ட விட்டா ஒரு நாள் தாங்காது. 20 டிகிரிய தாண்டினாலே ட்ரவுட்டுக்கு மூச்சு முட்டத் தொடங்கிரும். ஹோட்டன் சமவெளி 2100 மீட்டர் உயரம், வருஷ சராசரி வெப்பம் 13 டிகிரி போல, ஜனவரி பெப்ரவரியில காலையில புல்லுல உறைபனி. உயரத்துல காத்து மெல்லிசா இருக்கிறதால ஆக்சிஜன் கொஞ்சம் குறையத் தான் செய்யும், ஆனா குளிரும், கல்லுல விழுந்து நொரைச்சு ஓடுற ஓட்டமும் அத ஈடு கட்டிரும். தாத்தா இத ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு: "கால் மரத்துப் போற தண்ணியில தான் அது இருக்கும்."

இப்ப என் கதைக்கு வர்றேன். ஹோட்டன் சமவெளி 1988ல இருந்து தேசியப் பூங்கா, அங்க மீன் புடிக்க ஏலாது, புடிக்கவும் கூடாது. அதால எனக்கு சந்தர்ப்பம் வந்தது கனடாவுல. என்னோட ஸ்கூல்ல படிச்ச கூட்டாளி, வெள்ளவத்தைக்காரன், பூர்வீகம் யாழ்ப்பாணம், இப்ப கல்கரியில இருக்கான். கல்யாணத்துக்கு வா மச்சான்னான், ஜூலை மாசம். நான் கேட்ட முதல் கேள்வி உங்க ஊர்ல மலை ஏரி இருக்கான்னு. "உனக்கு விசரா? கலியாணத்துக்கு வாறியா, மீன் பிடிக்க வாறியா?"ன்னான். ரெண்டுக்கும் தான்.

அதுக்குத் தான் காலி முகத்திடல் ப்ராக்டிஸ். ஃப்ளை ஃபிஷிங் சாதாரணத் தூண்டில் மாதிரி இல்ல. சாதாரணத் தூண்டில்ல ஈயக் குண்டு பறக்கும், நூல் அதுக்குப் பின்னால போகும். இதுல முள்ளுல கட்டுன பூச்சிக்கு எடையே கெடையாது, அதால எடைய நூலுக்குள்ள வச்சிருக்காங்க, நூல் தான் பறக்கும், பூச்சி அதுக்குப் பின்னால சும்மா தொத்திக்கிட்டு வரும். இந்த நூல எடைய வச்சு நம்பர் போட்டு விப்பாங்க, அஞ்சாம் நம்பர் லைனோட முதல் 30 அடி 9 கிராம் தான், அந்த 9 கிராம வச்சு ஒம்பது அடி றொட்ட வளைக்கணும். பின்னால வீசிட்டு, நூல் பின்னால நேராகுற வரைக்கும் பொறுத்து, பொறகு முன்னால. அந்தப் பொறுக்குற அரை செக்கன் தான் முழு வித்தையும். நான் பொறுக்க மாட்டேன், அதால சாட்டையடி மாதிரி டப்புன்னு சத்தம் வரும், முள்ளு கட்டியிருந்தா பூச்சி அறுந்து போயிருக்கும். கம்பளி நூலுங்கறதால தப்பிச்சேன். மூணு மாசம், ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம.

பூச்சியும் நானே கட்டினேன், இது தேவையில்லாத வேலை, ஆனா கொழும்புல எங்க வாங்குறது. பூச்சின்னா நெசப் பூச்சி இல்ல, முள்ளுல நூலும் எறகும் சுத்தி பூச்சி மாதிரி செய்யுறது. தண்ணியில மெதக்குற பூச்சிக்கு சேவல் கழுத்து எறகு வேணும், வெறைப்பா இருக்கணும், அது தான் தண்ணிய குத்தாம மேல நிக்கும். ப்ராய்லர் கோழியில அந்த மாதிரி எறகு இல்ல. ஊர்ச் சேவல் எறகு கேட்டு கோழிக் கடைக்குப் போனேன், கடைக்காரரு செய்வினை ஏதும் செய்யவான்னு ஒரு மாதிரியா பார்த்தாரு, சல்லி வேணாம் எடுத்துட்டுப் போன்னுட்டாரு. தையல் நூல் புறக்கோட்டையில. ஆடம்ஸ்னு ஒரு பூச்சி இருக்கு, 1922ல அமெரிக்காவுல மிச்சிகன்ல ஒருத்தர் கட்டினது, சாம்பல் கலரு, எந்தப் பூச்சி மாதிரியும் குறிப்பா இருக்காது, ஆனா எல்லாப் பூச்சி மாதிரியும் கொஞ்சம் இருக்கும், நூறு வருஷமா மீன் ஏமாறுது. நான் கட்டுனது அடிச்சுக் கொன்ன நுளம்பு மாதிரி இருந்துச்சு. பன்னெண்டு கட்டி ஒரு பனடோல் டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனேன்.

கல்கரியில இருந்து ரெண்டு மணி நேரம் போல கார்ல போனா கனனாஸ்கிஸ். வழியில போ (Bow) ஆறு கூடவே வருது, கூட்டாளி ஒரு கதை சொன்னான்: இந்த ஆத்துல ப்ரவுன் ட்ரவுட் வந்ததே 1925ல ஒரு லொறி பழுதாகினதால தானாம், குஞ்சு மீன் ஏத்திட்டுப் போன லொறி பான்ஃப் பக்கம் நின்னு போச்சு, குஞ்சு சாகப் போகுதுன்னு பக்கத்துல இருந்த கேரட் க்ரீக்ங்கிற ஓடையில ஊத்திட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க ஆள் வந்து அந்த ஆத்துல மீன் புடிக்குது. அப்ப நெனச்சேன், ட்ரவுட் போன எடமெல்லாம் யாராவது ஒருத்தன் சுமந்துட்டுத் தான் போயிருக்கான்.

நாங்க போனது ராசன் லேக். அப்பர் கனனாஸ்கிஸ் ஏரிக் கரையில தொடங்கி நாலு கிலோமீட்டர் போல ஏத்தம், ஏறிப் போனா செங்குத்தான மலைச் சுவருக்குக் கீழ ஒரு ஏரி. உயரம் 2000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதாவது கிட்டத்தட்ட நம்ம ஹோட்டன் சமவெளி உயரம் தான். ஆனா அங்க ஜூலையிலயும் நெழல்ல பனி கெடக்குது. கூட்டாளி இடுப்புல கரடி ஸ்ப்ரே கட்டிக்கிட்டு வழி நெடுக கை தட்டிக்கிட்டே வந்தான், கரடிக்குத் தெரியட்டுமாம். மீனுக்கும் தெரிஞ்சிரும்டான்னேன். "மீன் கடிச்சா நான் உனக்கு ப்ளாஸ்டர் போடுவன், கரடி கடிச்சா என்ன செய்யிறது?"

முதல் ஒன்னரை மணி நேரத்தச் சொல்லவே வெக்கம். காலி முகத்திடல்ல பின்னால மரம் இல்ல. இங்க பின்னால பூரா ஊசியிலை மரம். மூணு பூச்சி மரத்துக்குப் போச்சு, ஒண்ணு என் தொப்பிக்கு. ஏரியில மீன் தெரியுது, கண்ணாடி மாதிரித் தண்ணி, கரையோரமா வரிசையா சுத்தி வருது, நான் கைய தூக்குன ஒடனே திரும்பிப் போயிருது. ஓடை மீனும் ஏரி மீனும் ஒண்ணு இல்லங்கறது அப்ப தான் ஒறைச்சுது. ஓடையில தண்ணி இரைய கொண்டு வரும், மீன் ஒரு எடத்துல நிக்கும். ஏரியில தண்ணி நிக்கும், அதால மீன் சுத்தும், நம்ம தான் ஒரு எடத்துல அசையாம நிக்கணும். எங்க? தண்ணி உள்ள வர்ற வாய், வெளிய போற வாய், ஆழம் தொடங்குற கலர் மாறுற கோடு, இல்லாட்டி காத்து எந்தக் கரைக்கு அடிக்குதோ அந்தக் கரை, ஏன்னா மரத்துல இருந்து விழுற எறும்பும் வண்டும் காத்தோட அங்க தான் வந்து சேரும்.

இன்னொரு விசயம் நெழல். மீன் தண்ணிக்குள்ள இருந்து மேல பார்க்கிறது ஒரு வட்ட ஜன்னல் வழியா தான், ஒளி வளையுறதால அப்படி. ஒரு அடி ஆழத்துல நிக்கிற மீனுக்கு அந்த வட்டம் ரெண்டேகால் அடி அகலம், அதுக்குள்ள தான் மொத்த வானமும் கரையும் சுருங்கித் தெரியும். நம்ம நிமிந்து நின்னா அந்த ஜன்னல் ஓரத்துல எட்டிப் பார்க்குற ஆள். குனிஞ்சா ஜன்னலுக்குக் கீழ போயிருவோம். தாத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு, தொர ஆறடி ஆளு, ஓடைக்குக் கிட்ட வந்ததும் தாத்தா அவர் கோட்டப் புடிச்சு கீழ இழுப்பாராம். தோட்டத்துல ஒரு தொரைய கையால தொட்டு மண்டி போட வச்ச ஒரே லயத்துப் பையன் நான் தான்னு அதச் சொல்றப்ப மட்டும் மனுசனுக்கு மொகம் வேற மாதிரி ஆயிரும்.

மண்டி போட்டேன். ஏரியில இருந்து ஓடை வெளிய போற வாயில, தண்ணிக்கு நாலடி தள்ளி. அங்க தண்ணி மெதுவா இழுக்கத் தொடங்குது, ஒரு கல்லு. கல்லுக்கு முன்னால வீசல, அதுக்கும் ஆறடி மேல வீசினேன். நூல் இழுக்காம பூச்சி தண்ணியோட வேகத்துக்கே வரணும், நூல் கொஞ்சம் இழுத்தாலும் பூச்சிக்குப் பின்னால படகு போற மாதிரி ஒரு கோடு விழும், மீன் திரும்பிக்கும். "பூச்சி தொரைக்கு பயந்து ஓடக்கூடாது, தண்ணியோட சும்மா போவணும்"பாரு தாத்தா. என்னோட நுளம்பு மாதிரி ஆடம்ஸ் சும்மா போச்சு. கல்லுக்கு ஒரு முழம் முன்னால ஒரு மூக்கு வந்துச்சு. சத்தமே இல்ல. வட்டம் மட்டும்.

பத்து இஞ்ச் இருக்கும், அவ்வளவு தான். கட்த்ரோட் ட்ரவுட், தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் செவப்பா கீறுன மாதிரிக் கோடு, அதால தான் அந்தப் பேரு. வருஷத்துல பெரும்பகுதி ஐஸுக்குக் கீழ கெடக்குற ஏரியில பத்து இஞ்ச் வளர எத்தன கோடை போயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கைய நனைச்சுட்டுத் தான் தொட்டேன், காஞ்ச கையால புடிச்சா மேல இருக்கிற வழுவழுப்பு உரிஞ்சு நோய் புடிக்கும். தண்ணிக்குள்ள வச்சே முள்ள கழட்டினேன், ஒரு நிமிசம் கூட இருக்காது, போயிருச்சு. கூட்டாளி ஃபோட்டோ எடுத்தானான்னு திரும்பினா அவன் கரடி வருதான்னு காட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தான். ஃபோட்டோ இல்ல. நீங்க நம்பித் தான் ஆகணும்.

அன்னைக்கு ராத்திரி தான் இன்னொரு பக்கத்தையும் வாசிச்சேன், வாசிக்காம இருந்திருக்கலாம். உலகத்துல நெறைய உயரமான மலை ஏரிகள்ல ஆரம்பத்துல மீனே கெடையாது, அருவி தாண்டி மீன் ஏற முடியாதே. மனுசன் தான் கொண்டு போய் விட்டான், விட்ட எடத்துல தவளைக் குஞ்சும் நீர்ப்பூச்சியும் காணாமப் போச்சு. கலிஃபோர்னியாவுல சியரா நெவாடா மலையில சில ஏரிகள்ல ட்ரவுட்ட முழுசா எடுத்ததும் மஞ்சள்கால் தவளை திரும்பப் பெருகியிருக்கு. நம்ம ஹோட்டன் சமவெளியிலயும் இந்த நாட்டு உயர்மலை ஓடைகளுக்கே சொந்தமான ஒரு சின்ன இறால் இருக்கு, நண்டு வகை இருக்கு, வேற எங்கயும் இல்லாதது. ட்ரவுட் அதையும் தான் தின்னும். அப்ப ட்ரவுட்ட அங்க இருந்து எடுக்கணுமான்னு கேட்டா என் மூளை ஆமாங்குது. மனசு தாத்தா காட்டுன கல்லு காலியா இருக்குமேங்குது. நான் விஞ்ஞானி இல்ல, இதுல என் மனசுக்கு ஓட்டுரிமை இல்லங்கறதும் தெரியும்.

திரும்பி வந்த பொறகு அம்மாவ கூட்டிட்டு பெப்ரவரியில மேல போனேன். தாத்தாவோட மக, அக்கரப்பத்தனையில பொறந்தவ, ஆனா ஹோட்டன் சமவெளிய ஒரு நாளும் பார்த்தது இல்ல. அங்க எல்லாம் எங்கள யாரு கூட்டிப் போவான்னாங்க. கோட்டையில காலை ட்ரெயின் ஏறி பட்டிப்பொல வரைக்கும், 1898 மீட்டர், நாட்டுல உயரமான ஸ்டேசன் அது தான். அன்னைக்கு அங்கயே தங்கிட்டு மறுநாள் இருட்டோட வேன். வாசல்ல பை எல்லாத்தையும் திறந்து பொலித்தீன எடுத்துருவாங்க, தண்ணிப் போத்தல்ல ஒட்டியிருக்கிற லேபிளக் கூட உரிச்சுட்டுத் தான் விடுவாங்க, அம்மாவுக்கு அதுல பெரிய சந்தோசம், கொழும்புலயும் இப்படி செஞ்சா என்னன்னாங்க. உள்ள ஃபார் இன், தொரைமார் வேட்டைக்கும் மீனுக்கும் வந்து தங்குன பங்களா, தோமஸ் ஃபார்ங்கிற தோட்டத் தொர பேருல. அம்மா அதோட பின்பக்கத்த சுத்திப் பார்த்தாங்க. குசினி எந்தப் பக்கம் இருந்திருக்கும்னு மட்டும் கேட்டாங்க.

உலக முடிவுங்கிற செங்குத்துப் பள்ளம் வரைக்கும் நடக்க அம்மாவுக்கு முழங்கால் விடாது. பாதை ஓடைய கடக்குற எடத்துல நின்னுட்டோம். தேத்தண்ணிக் கலர் தண்ணி, புல்லுல இருந்து ஊறி வர்ற கலர் அது, ஆனா தெளிவா இருக்கு. குனிங்கம்மான்னேன், குனிஞ்சாங்க, சால்வைய தலைக்குப் போட்டுக்கிட்டு. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியல, மீனத் தேடாதீங்க, மீனோட நெழலத் தேடுங்கன்னேன், இதுவும் நான் சொன்னது இல்ல. கல்லுக்கு முன்னால, அந்த மெத்தை மாதிரி எடத்துல, ஒரு இருட்டுக் கோடு மெதுவா வால ஆட்டிக்கிட்டு.

"இதையா எங்கப்பா சுமந்தாரு? இதவிட கெளுத்தி பெருசா இருக்குமே."

அப்ப தான் பின்னால ஒரு பஸ் கூட்டம் சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சு, ரெண்டு பையன்மார் செல்ஃபி எடுக்கத் தண்ணி ஓரத்துக்கு வந்தாங்க, நெழல் விழுந்துச்சு, கோடு காணாமப் போச்சு. அவங்க போற வரைக்கும் நாங்க அப்படியே குந்திக்கிட்டு இருந்தோம், அம்மாவுக்குக் கால் மரத்துப் போச்சு, ஆனா எழும்பல. பத்து நிமிசம் இருக்கும். அதே கல்லுக்கு முன்னால ஒரு கோடு வந்து நின்னுச்சு, கொஞ்சம் சின்னது.

வந்துட்டாரும்மா பெரிய தொரன்னேன்.

அம்மா கண்ண இடுக்கிப் பார்த்தாங்க. "இல்லடா, இது சின்ன தொர. அவர் போனதும் வந்து நிக்கிறாரு பாரு"ன்னுட்டு, என் தோளப் புடிச்சு எழும்பி, டீ குடிக்க எங்க போகணும்னு கேட்டாங்க.